யானையின் அறிவும் வேலுவின் பெயரும்

1

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் முதலில் கொஞ்சம் மழுப்புவேன். மிருகக்காட்சிச்சாலையில் என்பேன். அங்கே என்ன வேலை என்று தோண்டிக் கேட்டால்தான் உண்மை வரும்: யானைகளுக்குச் சாப்பாடு வெட்டுகிறேன். கரட், பீட்ரூட், அப்பிள், குளிர்காலத்தில் உலர்ந்த புல், கோடையில் பச்சைக் கொப்பு.

சொன்னதும் எதிர்ப்பக்கத்தில் சிரிப்பு வெடிக்கும். நான் மட்டக்களப்புப் பக்கத்து உன்னிச்சைக்காரி. யானை மிதித்த வயலைப் பார்த்து அழுத வீட்டில் பிறந்தவள். அப்படிப்பட்டவள் சுவிஸுக்கு வந்து யானைக்குப் பரிமாறுகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"இஞ்ச அதுகளத் துரத்தி ஏலாமக் கிடக்கிறம். நீ அங்க கூப்பிட்டு ஊட்டுறியாகா?" என்று கேட்டார்.

எங்கள் கொட்டகையில் பெண் யானைகள் மட்டும். மூத்தவள் மாயா. மற்றவை அவளுடைய மகளும் பேத்தியரும். உட்கதவுக்கு ஒரு இழுப்புத் தாழ்ப்பாள் உண்டு. போன குளிர்காலத்தில் இளைய பேத்தி தும்பிக்கை நுனியால் அதைத் தட்டியும் இழுத்தும் விளையாடிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கதவு திறந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். அதிசயம் அதுவல்ல. கொஞ்ச நாளில் மற்றவையும் திறக்கத் தொடங்கின. அவை எதுவும் தட்டிப் பழகவில்லை. சின்னது செய்வதைப் பார்த்ததே அவற்றுக்குப் போதுமாக இருந்தது.

எங்கள் பொறுப்பாளர் உர்சுலா ஒருநாள் தேநீர் நேரத்தில் எனக்கு ஒரு பாடமே எடுத்தார். தனியே வாழும் பிராணிக்கு உணவு எங்கே, தண்ணீர் எங்கே, ஆபத்து எங்கே என்று தெரிந்தால் காரியம் முடிந்தது. கூட்டத்தில் வாழ்வதுதான் கஷ்டம். யார் உறவு, யார் பகை, நேற்று எனக்கு விட்டுக்கொடுத்தது யார், இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எதைச் செய்யக்கூடாது என்றெல்லாம் மனதில் வைத்திருக்க வேண்டும். அந்தத் தலையிடிதான் தலைமுறை தலைமுறையாக மூளையை வளர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள் என்றார். எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை, உணவு தேடித்தான் மூளை வளர்ந்தது என்பவர்களும் இருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எங்கள் ஊர்க் கலியாண வீட்டுப் பந்தியில் யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று யோசிக்கிற மூளை" என்று நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். உர்சுலா விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு சின்னதைக் காட்டினார். மாயா பார்க்கும்போது அது அப்பிளைத் தொடாது. அவள் முகத்தைத் திருப்பியதும் எடுத்து வாயில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் புல்லைக் கிளறிக்கொண்டு நிற்கும். "பார்த்தாயா, பொய்யும் கூட்டத்தில்தான் பிறக்கிறது" என்றார்.

2

என் மகள் ஆரணிக்குப் பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சின்ன வயதில் தமிழ்தான் பேசினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அது ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துபோயிற்று. எந்த நாளில் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஊர்ப் பிள்ளைகளுக்குள் வளர்ந்திருந்தால் தமிழ் தானாக வாயில் ஒட்டியிருக்கும். இங்கே அவளுக்கு நானும் அவளுடைய அப்பாவும்தான் தமிழ்க் கூட்டம். அவர் பஸ் ஓட்டுகிறார், நான் கரட் வெட்டுகிறேன். எங்களிடம் அவள் எத்தனை சொல்லைப் பிடித்திருப்பாள்?

போன வருசம் என் அண்ணனுடைய பிறந்தநாளுக்கு அவள் அகராதி பார்த்து ஒரு வசனம் தயார் செய்திருந்தாள். "நீங்கள் பக்கத்தில் இல்லாதது கவலையாக இருக்கிறது" என்பதுதான் அவள் மனதில் இருந்தது. போனை எடுத்து, "மாமா, நான் உங்கள இழந்திட்டன்" என்றாள்.

அண்ணன் பதறிப்போனார். "நான் உசிரோடதானே புள்ள இரிக்கன்?"

அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு மாமாவோடு பேசச் சொன்னால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பாள்.

அதனால்தான் இந்தப் பங்குனியில் அவளாக வந்து மாமாவோடு பேச வேண்டும் என்றபோது எனக்கு நம்ப முடியவில்லை. வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தை எடுத்துப் பெற்றோர் முன்னால் விளக்க வேண்டுமாம். அவள் எடுத்தது, சேர்ந்து வாழ்வது விலங்குகளை எப்படி அறிவுள்ளவை ஆக்கியது என்பது. காகத்தைப் பற்றியும் கழுதைப்புலியைப் பற்றியும் புத்தகங்களில் தேடி எடுத்துவிட்டாள். யானையைப் பற்றி மட்டும் புத்தகம் வேண்டாம், யானையோடு வாழ்கிற ஒருவர் வேண்டும் என்றாள்.

பேச்சைப் பதிவுசெய்து காட்டுவதற்குப் பள்ளிக்கூடம் ஒரு படிவம் அனுப்பியது. காணொளியில் முகம் தெரிகிறவர் சம்மதம் தந்து கையெழுத்திட வேண்டும். நான் அதைத் தமிழில் எழுதி அனுப்பினேன். "நான் கதைக்கிறதுக்கு நானே உத்தரவு குடுக்கணுமா?" என்று கேட்டபடி அண்ணன் ஒப்பமிட்டுப் படம் பிடித்து அனுப்பினார்.

3

ஒரு ஞாயிறு. எங்களுக்குக் காலை, அவர்களுக்குப் பின்னேரம். அண்ணன் வெள்ளைச் சேட்டு போட்டு, தலை வாரி, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஆரணி என் தோளோடு தோள் உரச இருந்தாள். அவள் கேள்வியை நான் தமிழாக்குவேன், அவர் பதிலை ஜெர்மனாக்குவேன்.

"கரண்ட் கம்பி போட்ட முதல் வருசம் ஒண்டும் வரல்ல" என்று அண்ணன் தொடங்கினார். "மறுகா ஒரு கிழட்டு அலியன் வந்திச்சி."

கொம்பில்லாத ஆண் யானையை எங்கள் பக்கம் அலியன் என்போம். அதையும் ஆரணிக்குச் சொன்னேன்.

"அது காஞ்ச மரமொண்ட உருட்டிக் கொண்டாந்து கம்பிக்கு மேல போட்டுது. கம்பி படுத்திட்டு. நோகாமக் கடந்து வந்திச்சி. பொறத்தால ரெண்டு இளந்தாரி அலியன் நிண்டு பாத்துக்கிட்டிருந்திச்சி. அடுத்த போகம் அந்த ரெண்டும் வேற இடத்துல அதே வேலயச் செஞ்சிச்சி. ஆரு சொல்லிக் குடுத்த?"

"எங்கட கதவு மாதிரி!" என்று, நான் சொல்லியிருந்த கொட்டகைக் கதவை நினைத்து ஆரணி துள்ளினாள். தமிழில்தான் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆள் ஆரெண்டும் அதுகளுக்குத் தெரியும், புள்ள. நான் கத்தினா நிண்டு பாக்கும். வேலுட சத்தம் கேட்டா ஒதுங்கிரும். வேலு வெடி போடுறவன்."

வேலு எங்கள் வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், அண்ணனுக்குப் பக்கத்து வயற்காரர். இரண்டு பேரும் ஒரே பரணில் இருந்துதான் காவல் காப்பார்கள். போன மாரிப்போகத்தில் அவர் இறந்துபோனார். எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியும். அவருடைய மனைவி புஸ்பத்துக்கு ஒருமுறை போன் எடுத்து அழுதேன். ஆரணியிடம் சொல்லவில்லை. அவள் வேலுவைப் பார்த்ததே இல்லை.

அண்ணனின் குரல் இறங்கிற்று.

"அண்டைக்கு மழ. வெடி நனைஞ்சி போச்சி. சத்தத்துக்கு ஒதுங்கும் எண்டு நினைச்சி வேலு கத்திக்கிட்டே முன்னுக்குப் போனான். வெடி வெடிக்கல்ல எண்டு அதுகள் கண்டுக்கிட்டுது. மிதிச்சிட்டு, தங்கச்சி. நான் பரணுல நிண்டு பாத்தன்."

பிறகு நேராகத் திரையைப் பார்த்தார்.

"இதயும் புள்ளைக்குச் சொல்லு. அங்க உள்ள சனத்துக்கு அவ சொல்லட்டும். யானைக்கு மூள இரிக்கி எண்டு சொல்லக்குள்ள, வேலுட பேரயும் சொல்லட்டும்."

அவர் தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசியதால் ஆரணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "என்ன சொன்னார்?" என்று ஜெர்மனில் கேட்டாள். முகமெல்லாம் ஒளி. அவள் கை என் கைக்குள் இருந்தது.

"வெடி நனைந்துவிட்டதாம்" என்றேன். "யானைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டனவாம். காவல்காரர்கள் ஓடித் தப்பினார்களாம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். திரைக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், சொற்களைக் கூட்டிக் கூட்டி, "மாமா, உங்கட யானை சரியான கெட்டிக்காரன்! எனக்கு நல்ல விருப்பம்!" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு திரைக்கு வெளியே, தன் இடது பக்கமாக, எதையோ பார்த்தார். "சரி புள்ள, நல்லாப் படி" என்றார். தொடர்பு அறுந்தது.

4

ஏன் அப்படிச் சொன்னேன்?

பிள்ளை பயந்துவிடுவாள் என்று சொன்னேன் என்றால் அது பாதி உண்மை. மகள் பல வருசத்துக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து தமிழில் துள்ளிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பிணத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதத்தான் கூசுகிறது. பெற்றோர் மாலைக்கு நான் அழைத்திருந்த உர்சுலா அந்தக் காணொளியைப் பார்ப்பார். என்னோடு வேலை செய்பவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் யானை தேசத்திலிருந்து வந்தவள். யானையைப் பிறவியிலேயே புரிந்தவள் என்று என்னைப் பற்றி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் நான் குளிர்காய்ந்துகொண்டிருந்தேன். வேலுவைச் சொன்னால் அது கலைந்துவிடும்.

சேர்ந்து வாழ்வதால் வந்த அறிவு என்பது அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கத் தெரிவதுதானாம். ஆரணியே அப்படித்தான் எழுதியிருந்தாள். அன்று நான் மகளின் மனதை ஊகித்தேன். உர்சுலாவின் மனதையும் ஊகித்தேன். முற்றத்தில் வெள்ளைச் சேட்டோடு இருந்த மனிதனின் மனதை ஊகிக்கத்தான் ஒரு கணம்கூடச் செலவழிக்கவில்லை.

அதன் பிறகும் திருத்த நேரம் இருந்தது. காணொளிக்குக் கீழே ஓடும் ஜெர்மன் வரிகளை நானும் ஆரணியும் சேர்ந்துதான் போட்டோம். அந்த இடம் வந்தபோது அவள், "மாமா இவ்வளவு நேரம் பேசுகிறார், நீங்கள் சொன்னது ஒரு வரிதானே?" என்று கேட்டாள். ஊர்க்காரர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள் என்றேன்.

5

பெற்றோர் வந்த மாலையில் ஆரணி நன்றாகப் பேசினாள். தீனியை ஒளித்து வைக்கும் காகம், இன்னொரு காகம் பார்த்துவிட்டது என்று தெரிந்தால் பிறகு தனியே வந்து இடத்தை மாற்றும் என்றாள். கூட்டமாக வாழும் கழுதைப்புலி, ஓர் அந்நியக் குரல் கேட்டால் வந்திருப்பது எத்தனை பேர், நம் பக்கம் எத்தனை பேர் என்று கணக்குப் போடும் என்றாள். உர்சுலா முன்வரிசையில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். சுவர் நிறைய அண்ணனின் முகம் வந்தது.

போனின் சின்னத் திரையில் நான் கவனிக்காததெல்லாம் அங்கே தெரிந்தது. வேலுவின் பெயரைச் சொல்லும்போது அவருடைய கீழுதடு துடித்தது. கண் நிரம்பியிருந்தது. அந்த முகத்துக்குக் கீழே வெள்ளை எழுத்தில் என் வரி ஓடிற்று: காவல்காரர்கள் ஓடித் தப்பினார்கள். மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பல்ல, யானையின் சாமர்த்தியத்துக்கான சிரிப்பு. அண்ணன் பரணில் நின்று பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழுந்து விளக்கைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து பழரசம் கொடுத்தார்கள். ஆரணியைப் பாராட்டக் கூட்டம். ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்று காத்திருந்தார். அவள் வகுப்புப் பையன் ஒருவனுடைய தகப்பன். இத்தனை நாளும் அவரை வட இந்தியர் என்று நினைத்திருந்தேன்.

"நீங்க மட்டக்களப்புப் பக்கமா?" என்றார். "எனக்கு ஓட்டமாவடி. பேரு நியாஸ். எங்கட வாப்பாவும் வயல் செஞ்சவரு."

நான் தலையாட்டினேன்.

"அந்த வேலு எண்ட மனுசன் யான மிதிச்சி மௌத்தானத்தத்தானே உங்கட நானா சொன்னாரு? கீழ வேற மாதிரிப் போட்டிருந்திச்சே. பிழையா விழுந்திட்டோ?"

அண்ணனைத்தான் நானா என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை. எழுத்தில் தவறு விழுந்திருக்கும், சொல்லிவிடுவோம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஆரணி என் பக்கத்தில் நின்றாள்.

"மௌத் என்றால் என்ன?" என்று அவரையே கேட்டாள். அவளுக்கு அது வாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போலக் கேட்டிருக்கிறது.

நியாஸ் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, தயங்கினார். ஆனாலும் கேட்ட பிள்ளைக்குப் பொய் சொல்லவில்லை. ஜெர்மனில், மெதுவாக, "இறந்துபோவது" என்றார்.

6

ட்ராமில் அவள் எனக்கு எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் பேசினாள்.

"நான் சிரித்தேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார்."

"மகள், நான் உங்களுக்குக் கவலை வரும் எண்டு..."

"நீங்கள் என்னைச் செத்தவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தீர்கள்" என்று ஜெர்மனில் சொன்னாள். "ஒரு மண்டபத்தையே சிரிக்க வைத்தேன் நான்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அண்ணனுக்கு எடுத்தேன். தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"எனக்கு அப்பவே விளங்கிற்று, நீ மாத்திச் சொல்லியிருப்பாய் எண்டு" என்றார். "எங்கட புள்ள அப்பிடிச் சிரிக்கிற புள்ள இல்ல."

"ஏன் அண்ணா அப்பவே கேக்கல்ல?"

"புஸ்பம் இருந்தா."

"எங்க?"

"பக்கத்துல. போனுக்குள்ள தெரியாம ஒதுங்கி இருந்தா. அவட புருசன்ட பேரு வெளிநாட்டுல சொல்லப்படப் போகுதெண்டு நான்தான் கூட்டி வந்தன். புள்ள சிரிச்சதும் எழும்பிப் போயிட்டா. பொறத்தால போய்க் கூப்பிட்டன், கிறுகிப் பாக்கல்ல."

நான் அன்று கரட் வெட்டும்போது இரண்டு தடவை கையை வெட்டிக்கொண்டேன். உர்சுலா என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாயாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். "நானும் சிரித்தேன்" என்றார். பிறகு தன் வேலைக்குத் திரும்பினார். மன்னிப்பதற்கும் கோபிப்பதற்கும் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

7

ஆரணி பள்ளிக்கூடத்தில் போய் உண்மையைச் சொன்னாள். காணொளியைத் திருத்தி வகுப்பு முழுவதற்கும் மறுபடி காட்டவேண்டும் என்று கேட்டாள். ஆசிரியை நல்லவர். ஆனாலும் ஒழுங்கு ஒழுங்குதான். இறந்தவரின் பெயரைச் சொல்வதென்றால் அவர் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றார். அண்ணன் புஸ்பத்திடம் போனார். முதல்முறை அவர் வெளியே வரவில்லை. இரண்டாம்முறை, அந்தப் பிள்ளையோடு தானே பேசுவதாகச் சொன்னார்.

ஆரணி கண்ணாடி முன் நின்று பழகினாள். என்னிடம் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நியாஸ் வீட்டுக்குப் போய் வந்தாள். அவருடைய மனைவி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

புஸ்பத்தின் முகம் திரையில் வந்தது. மெலிந்திருந்தார்.

"அன்ரி, எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சிரிக்க மாட்டன். என்னை மன்னியுங்க" என்றாள் ஆரணி. குரல் உடைந்தது.

"உன்னில பிழ இல்ல மகள். உனக்கு என்ன தெரியும்?" புஸ்பம் அதற்குப் பிறகு என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "நீ ஏன்கா மறைச்ச? அவருக்கு ஒரு பேருதானே இருந்திச்சி. அதச் சொல்றதுல உனக்கு என்ன வந்திச்சி?"

அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"படத்தத் திருத்த வேணாம்" என்றார் ஆரணியிடம். "ஒருக்காச் சிரிச்ச இடத்துக்கு அவர மறுகாக் கொண்டு போகாதீங்க. கழட்டிருங்க."

ஆரணி அன்றே ஆசிரியைக்கு எழுதிப் படத்தை முழுவதுமாக நீக்கச் சொன்னாள். யானையைப் பற்றி அவள் பேசியது இப்போது எங்கும் இல்லை. காகமும் கழுதைப்புலியும்தான் இருக்கின்றன.

இதை ஏன் ஊரும் வாசிக்கும்படி எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அங்கே இது தெரியாதவர்கள் குறைவு. வட்டைக்குள் ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும். என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் ஊகிக்க முடிகிறது. அது தவறென்று சொல்ல வரவில்லை. மூத்ததம்பியின் மகன் வேலு, உன்னிச்சைக்காரர், யானை வெடி போடுகிறவர், போன மாரிப்போகத்தில் யானை மிதித்து இறந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

இப்போது ஞாயிறுகளில் ஆரணி தானாகவே மாமாவுக்குப் போன் எடுக்கிறாள். முதல்நாள் நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க வேணாம், அம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவள் மாமாவை எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு வசனத்திலும் மறித்தாள், தெரியாத சொல்லைக் கேட்டாள், அவர் சொல்ல எழுதிக்கொண்டாள். அப்படியே மழையும் வந்தது, வெடியும் நனைந்தது.

"மிதிச்சிட்டு எண்டா என்ன, மாமா?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்கு ஜெர்மன் தெரியும். கையில் ஈரக் கோப்பையோடு நின்றேன். அங்கே அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் தமிழிலேயே, அவளுக்கு விளங்கும்படி சொல்லத் தொடங்கினார்.